பணம் எங்கே தங்குகிறது? இ-வாலட்டும் முஸ்லிம் வாடிக்கையாளரின் கேள்வியும்

மாமாக் கடைக் கல்லாவில் ஒரு கியூஆர் அட்டை. பக்கத்துச் சூராவின் உண்டியலில் இன்னொன்று. நோன்பு மாதச் சந்தையில் குவே விற்கும் மக்சிக்கின் மேசையிலும் ஒன்று தொங்குகிறது. டூயிட்நவ் கியூஆர் நாட்டில் அறிமுகமானது 2019-இல்தான். அதற்குள், தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் பெட்டிக்கடையில்கூட “ஸ்கேன் பண்ணலாமா?” என்று கேட்பது சாதாரணமாகிவிட்டது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியர்களில் 63.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். பட்டணத்தில் மளிகைக் கடையோ முடிதிருத்தகமோ வைத்திருக்கும் நம்மவர்களும், இரவுச் சந்தையில் வடை போடும் நம்மவர்களும் அன்றாடம் காசு வாங்குவது அவர்களிடமும்தான். தமிழ் முஸ்லிம்களோ நம் வீட்டு மனிதர்கள். நாட்டில் ரொக்கமில்லாப் பரிமாற்றம் எப்படிப் பரவுகிறது என்று புரிய வேண்டுமானால், சமயப் பற்றுள்ள முஸ்லிம் ஒருவர் கைப்பேசியில் பணம் கட்டுவதை எப்படிப் பார்க்கிறார் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும்.

இதைப் பற்றி நம்மிடையே ஓர் எளிதான முடிவு உலவுகிறது. சமயப் பற்று கூடக்கூடப் புதுமையின் மேல் தயக்கமும் கூடும் என்பதே அது. ஆனால் நாட்டில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. சமயப் பற்று மின்கட்டணத்தைத் தடுக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியைத்தான் மாற்றியது. மற்றவர்கள் “இது வேகமா, இலவசமா?” என்று கேட்கும் இடத்தில், அவர் “என் பணம் எங்கே தங்குகிறது, அதை வைத்து யார் என்ன சம்பாதிக்கிறார்கள்?” என்று கேட்கிறார். பதில் கிடைத்தவுடன் அவரும் வரிசையில் நிற்கிறார்.

தலையணையிலிருந்து தாபோங் ஹாஜிக்கு

இந்த நாடு இதை ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில், ஹஜ் பயணத்துக்காகச் சேமித்த கிராமத்து மலாய்க்காரர்கள் பலர் வங்கிப் பக்கமே போகவில்லை. வட்டி கலந்த காசில் புனிதப் பயணம் செல்லக் கூடாது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. பணம் தலையணைக்குள்ளும் பரணிலும் கிடந்தது. பயணம் நெருங்கியதும் நிலத்தையும் மாட்டையும் விற்றவர்கள் உண்டு. திரும்பி வந்தபோது பிழைக்க வழியில்லாமல் நின்றவர்களும் உண்டு.

இதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ், வட்டியில்லாத சேமிப்பு அமைப்பு ஒன்றை 1959-இல் பரிந்துரைத்தார். அதிலிருந்து பிறந்த நிறுவனம் 1963-இல் இயங்கத் தொடங்கியது. இன்று நாம் தாபோங் ஹாஜி என்று அழைப்பது அதைத்தான். மக்களின் பக்தி குறையவில்லை. ஆனாலும் தலையணையில் இருந்த பணம் வெளியே வந்தது. அவர்களுடைய கேள்விக்குப் பதில் சொல்லும் ஓர் அமைப்பு வந்ததே காரணம்.

நம் தோட்டப்புற வரலாற்றிலும் இதற்கு ஓர் இணை உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளியாக அதில் போட்டார்கள். அவர்களைப் பணம் போட வைத்தது சமயமில்லை. சொந்த நிலம் என்ற ஆசையும், நம்மவர் என்ற நம்பிக்கையும்தான். ஏழையின் பணம் நகர வேண்டுமானால் முதலில் நம்பிக்கை நகர வேண்டும் என்பதற்கு இரண்டு கதைகளும் சாட்சி.

1983-இல் இஸ்லாமிய வங்கிச் சட்டமும் பேங்க் இஸ்லாமும் வந்தன. 1997-இல் பேங்க் நெகாரா தனது ஷரியா ஆலோசனை மன்றத்தை அமைத்தது. 2009-ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், இஸ்லாமிய நிதி தொடர்பான அந்த மன்றத்தின் முடிவுகள் நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று கூறியது. கைப்பேசியில் காசு வருவதற்கு முன்பே, “இது கூடுமா?” என்று கேட்க ஓர் இடமும், பதில் சொல்ல ஓர் அதிகாரமும் மலேசியாவில் தயாராக இருந்தன.

எங்கே இடிக்கிறது?

வாலட்டில் 100 ரிங்கிட் ஏற்றுகிறோம். கடைக்காரரிடம் அதைச் செலவழிக்கும் வரை அந்தப் பணம் என்ன பெயரில் அங்கே இருக்கிறது? நம்மில் பெரும்பாலோர் இதை யோசிப்பதே இல்லை. இஸ்லாமியச் சட்டம் அறிந்தவருக்கு முதல் கேள்வியே இதுதான்.

அது நிறுவனத்துக்கு நாம் கொடுத்த கடனா? பாதுகாக்கக் கொடுத்த அமானிதமா? வாங்கப்போகும் சேவைக்குக் கட்டிய முன்பணமா? மூன்றுக்கும் சட்டம் வேறு. கடன் என்று வைத்துக்கொண்டால், கடன் கொடுத்தவர் அதற்காக நிபந்தனையோடு கூடிய எந்த ஆதாயத்தையும் பெறக் கூடாது. பெற்றால் அது ரிபா என்னும் வட்டிக்குள் போய்விடும். வாலட்டில் பணம் வைத்திருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் தள்ளுபடியும் கேஷ்பேக்கும் இந்த இடத்தில்தான் சிக்கலாகின்றன. நாம் ஐந்து ரிங்கிட் லாபம் என்று மகிழும் அதே தள்ளுபடியைப் பார்த்து, தொழுகையை விடாத ஒருவர் விரலைப் பின்னுக்கு இழுப்பார். அவருக்குக் கைப்பேசியை இயக்கத் தெரியாமல் இல்லை.

இதே தள்ளுபடியைப் பணத்தை வைத்திருக்கும் நிறுவனம் கொடுக்காமல், பொருளை விற்கும் கடைக்காரர் தன் விலையிலிருந்து குறைத்தால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அது வியாபாரி போட்ட விலைக்கழிவு. வியாபாரம் அனுமதிக்கப்பட்டது, வட்டி தடுக்கப்பட்டது என்பதே குர்ஆனின் அடிப்படைப் போதனை. வாடிக்கையாளரின் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு தள்ளுபடிகளை அந்தப் போதனை இரண்டாகப் பிரிக்கிறது.

இரண்டாவது இடறல், பணம் போய்த் தங்கும் வங்கிக் கணக்கு. லட்சக்கணக்கானோர் ஏற்றிய பணம் வட்டி தரும் கணக்கில் கிடந்தால், அந்த வட்டி யாருக்கு? மூன்றாவது, செலவாகும் இடம். இஸ்லாமியக் கடன் அட்டைகளில் மதுக்கூடம், சூதாட்டம் போன்றவற்றுக்குப் பணம் கட்டுவதைத் தடுத்துவைப்பது உண்டு. நான்காவது, கடன். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று வாலட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் தவணைச் சேவைகளில் தாமதக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது, பற்றுள்ளவருக்கு விலையைவிட முக்கியம்.

2020: மூன்றும் சேர்ந்து வந்த ஆண்டு

2020 ஜனவரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. அரசாங்கம் ‘இ-துனாய் ராக்யாட்’ திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு 30 ரிங்கிட்டை கிரேப், பூஸ்ட், டச் அண்ட் கோ ஆகிய வாலட்டுகள் வழியே கொடுத்தது. அதே மாத இறுதியில் பேங்க் நெகாராவின் ஷரியா ஆலோசனை மன்றம் கூடி, மின்பணம் ஷரியாவுக்கு உடன்பட்ட கட்டணச் சாதனமாக அனுமதிக்கத்தக்கது என்று முடிவு செய்தது. ஒரு நிபந்தனையும் போட்டது. இருதரப்பின் உரிமைகளையும் கடமைகளையும் காக்கும் தகுந்த ஷரியா ஒப்பந்தத்தின் மேல் அது அமைய வேண்டும்.

இந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். சந்தையில் உள்ள எல்லா வாலட்டும் ஹலால் என்று மன்றம் முத்திரை குத்தவில்லை. மின்பணம் என்ற கருவி கூடும், ஒப்பந்தம் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. ஆனால் கருவியே கூடாதோ என்று தயங்கியவர்களுக்கு ஒரு பெரிய கதவு திறந்தது.

மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 24-ஆம் தேதி நோன்பு தொடங்கியபோது வழக்கமான ரமலான் சந்தைகள் இல்லை. வாலட்டைத் திறந்துபார்க்க அரசாங்கப் பணம், மனத்தடையை நீக்கச் சமயத் தீர்ப்பு, கையில் காசு வாங்கவே அஞ்ச வைத்த கிருமி என மூன்றும் நான்கே மாதத்தில் ஒன்றாக வந்தன. அந்த ஜூலையில் 50 ரிங்கிட் இ-பெஞ்சானா, 2023 டிசம்பரில் 100 ரிங்கிட் இ-மடானி என்று உதவித்தொகைகளும் அதே வழியில் தொடர்ந்தன. இந்த மூன்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் தீர்ப்பு இல்லாதிருந்தால், பற்றுள்ள வீடுகளில் மற்ற இரண்டும் மனக்குறையோடுதான் நுழைந்திருக்கும்.

கடமையே கற்றுக்கொடுத்தது

அந்த நோன்பு மாதத்தில் நடந்த இன்னொரு மாற்றம் பலர் கவனத்துக்கு வரவில்லை. ஃபித்ரா ஜகாத்தை அமீல் என்னும் வசூலிப்பாளரிடம் நேரில் சென்று, கைகொடுத்து, வாய்மொழி சொல்லிக் கொடுப்பது இங்கே காலங்காலமாக இருந்த பழக்கம். 2020-இல் அது முடியாமல் போனது. இணையவழி செலுத்தினாலும் ஜகாத் செல்லும், கைகொடுப்பது கட்டாய நிபந்தனை அல்ல என்று சமய அதிகாரிகள் தெளிவுபடுத்தினர். அதுவரை இணைய வங்கியைத் தொடாத பெரியவர்கள்கூட, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் முறையாகப் பணம் அனுப்பினார்கள். சட்டை வாங்கவோ சாப்பாடு தருவிக்கவோ அல்ல, கடமையை நிறைவேற்ற.

சமயப் பற்று மின்கட்டணத்தை நோக்கித் தள்ளியது இப்படித்தான். ஜகாத், சதகா, குர்பானி, நோன்புப் பெருநாள் காசு என்று முஸ்லிமின் ஆண்டு முழுவதும் கொடுத்தலால் நிரம்பியிருக்கிறது. கொடுக்க வேண்டியவை அதிகம் உள்ளவருக்கு எளிதாகக் கொடுக்கும் வழி தேவை. பெருநாளுக்குப் பச்சை உறையில் வைத்துத் தந்த காசு இன்று வாலட்டிலும் போகிறது.

ரசீதும் ஒரு காரணம். மலேசியாவில் தனிநபர் கட்டும் ஜகாத், கட்ட வேண்டிய வருமான வரியிலிருந்தே கழிக்கப்படுகிறது. இணையத்தில் கட்டினால் சான்று அங்கேயே பதிவாகிவிடும். நம் கோவில்களுக்கும் பொதுப்பணிக்கும் தரும் நன்கொடைக்கு இருக்கும் விதி வேறு: பெறும் அமைப்பு வரி விலக்கு அனுமதி பெற்றிருந்தால் மட்டுமே, வருமானத்தில் ஒரு வரம்பு வரை கழிவு கிடைக்கும். கோவிலில் கியூஆர் வைத்துவிட்டோம் என்பதால் அந்தச் சலுகை தானாக வராது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் தருமம் செய்வதை இஸ்லாம் உயர்வாகச் சொல்கிறது. மடித்த நோட்டை உண்டியலில் போட்டால் பெயர் பதிவாகாது. கியூஆரில் பெயரும் நேரமும் தொகையும் பதிவாகும். அதனால் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் உண்டியல் இன்னும் வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் கியூஆரும் இருக்கிறது. இரண்டையும் பயன்படுத்துபவர் ஒரே மனிதர்தான்.

எல்லாப் பற்றும் ஒன்றல்ல

இத்துறையில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பல்கலைக்கழக ஆய்வுகள் நிறைய வந்துள்ளன. முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் சமயப் பற்று நேரடியாக விருப்பத்தைக் கூட்டுகிறது. சிலவற்றில் நேரடித் தாக்கம் இல்லை. நம்பிக்கை, குடும்பத்தார் கருத்து ஆகியவற்றின் வழியாகவே அது வேலை செய்கிறது. இந்த முரணுக்கு ஒரு காரணம், ‘சமயப் பற்று’ என்பதை ஒரே பொருளாக அளப்பதுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் குளோக் 1962-லேயே சமயப் பற்றை ஐந்தாகப் பிரித்தார்: நம்பிக்கை, வழிபாடு, உள்ளனுபவம், அறிவு, வாழ்க்கையில் அதன் விளைவு. ஐந்து வேளை தொழுபவருக்கு நிதிச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வழிபாடு மிகுந்து, அந்த அறிவு குறைந்தவர் உஸ்தாஸ் சொன்னதை, அல்லது வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவைப் பின்பற்றுவார். ‘கூடாது’ என்று ஒரு பதிவு வந்தால் நிறுத்துவார். ‘கூடும்’ என்று வந்தால் தொடர்வார். அறிவும் சேர்ந்தவரோ எந்தத் தள்ளுபடி சரி, எந்தத் தவணை தவறு என்று பிரித்துப் பார்த்துப் பயன்படுத்துவார்.

மாமாக் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் முதலாளி இந்த இரண்டு பக்கத்திலும் நிற்பவர். வியாபாரியாக அவருக்குச் சில்லறைத் தொல்லை தீர வேண்டும், கல்லாக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். நம்பிக்கையாளராக, வந்து சேரும் காசு சுத்தமாக இருக்க வேண்டும். தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. காசு கைப்பேசிக்குள் போய் மறைந்தபின், அவர் கவலைப்படுவது இரண்டாவது பொருளைப் பற்றித்தான்.

முத்திரையை நம்பி ஏமாறும் ஆபத்து

அண்டை நாடான இந்தோனேசியா இன்னும் ஒரு படி போனது. அங்குள்ள உலமா மன்றத்தின் தேசிய ஷரியா மன்றம் மின்பணத்துக்கென்றே 2017-இல் ஃபத்வா வெளியிட்டது. 2020-இல் லிங்க்ஆஜா என்ற வாலட் தனி ஷரியா சேவையைத் தொடங்கியது. கியூரிஸ் என்ற தேசிய கியூஆர் முறை பள்ளிவாசல் உண்டியல் வரை சென்றது.

2023 ஏப்ரலில், நோன்பு மாதத்தில், ஜகார்த்தாவின் பல பள்ளிவாசல் உண்டியல்களில் ஒருவர் போலி கியூஆர் தாள்களை ஒட்டிவிட்டுப் போனார். பக்தர்கள் அனுப்பிய தருமம் அவர் கணக்குக்குப் போனது. பிறகு அவர் பிடிபட்டார். யாரும் தொழில்நுட்பத்தை உடைக்கவில்லை. ஒரு தாளும் பசையும், ‘பள்ளிவாசலில் இருப்பது பொய்யாக இருக்காது’ என்ற நம்பிக்கையுமே போதுமாக இருந்தன.

பற்றுள்ளவரின் பலமான நம்பிக்கை சில வேளைகளில் அவரது பலவீனமாகவும் ஆகிறது. ‘ஷரியாவுக்கு உட்பட்டது’ என்ற சொல்லை எந்தச் செயலியும் தன் மேல் ஒட்டிக்கொள்ளலாம். உணவுக்கு ஜாக்கிமின் ஹலால் முத்திரை இருப்பதுபோல் வாலட்டுக்கு ஒரு முத்திரையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. உரிமம் பேங்க் நெகாராவுடையதா, ஷரியாக் குழுவில் யார், ஒப்பந்தம் என்ன என்று பார்க்க வேண்டும். கோவில் உண்டியலில் கியூஆர் வைத்திருக்கும் நம் நிர்வாகங்களும் ஜகார்த்தாவை நினைவில் வைக்கலாம். தாளைத் தினமும் சரிபார்ப்பதும், பணம் அனுப்புபவர் திரையில் கோவிலின் பதிவுப்பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்வதும் செலவில்லாத காவல்.

காரணம் எப்போதும் சமயமல்ல

ஒரு முஸ்லிம் வாடிக்கையாளர் ரொக்கம் நீட்டினால், உடனே அதைச் சமயத்தோடு முடிச்சுப் போடுவதும் தவறு. பழைய கைப்பேசி, போகாத இணைய அலை, வயது, மாதச் செலவைக் கண்ணால் பார்த்து அடக்கும் பழக்கம் என்று நம் தோட்டத்து வீடுகளில் இருக்கும் அதே காரணங்கள் அங்கும் உண்டு. வியாபாரிகளுக்குக் கட்டணம் ஒரு காரணம். 2023 அக்டோபரில், டூயிட்நவ் கியூஆர் பரிமாற்றத்துக்கு வணிகர்களிடம் கட்டணம் வரப்போகிறது என்ற செய்தி வெளியானதும் சிறுவியாபாரிகள் எல்லா இனத்திலும் ஒரே குரலில் கொதித்தார்கள். பிறகு பல வங்கிகளும் வாலட்டுகளும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. அந்த எதிர்ப்பில் சமயம் எங்கும் இல்லை. லாபக் கணக்குதான் இருந்தது.

நமக்கு என்ன?

2022 ஏப்ரலில் பேங்க் நெகாரா அறிவித்த ஐந்து மின்னிலக்க வங்கி உரிமங்களில் இரண்டு இஸ்லாமிய வங்கிகளுக்கானவை. அவற்றில் ஒன்றான ஏயோன் வங்கி 2024-இல் சேவையைத் தொடங்கியது. இஸ்லாமிய வங்கிக் கணக்கைத் திறக்க முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் வீடு, வாகனக் கடனில் ஏற்கெனவே இஸ்லாமிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம். படித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. அந்த ஒப்பந்தங்களில் தாமதக் கட்டணத்தின் மேல் மறுபடியும் கட்டணம் ஏறக் கூடாது என்ற விதி, தவணையில் தடுமாறும் எந்தக் குடும்பத்துக்கும் பயனுள்ளது.

வாலட்டில் இருக்கும் பணம் வங்கி வைப்பு அல்ல. வாடிக்கையாளர் பணத்தை நிறுவனம் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா விதித்துள்ளது. ஆனால் உறுப்பு வங்கி வைப்புகளுக்கு ஒரு வங்கிக்கு 250,000 ரிங்கிட் வரை காப்புறுதி தரும் பிஐடிஎம் பாதுகாப்போடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அன்றாடச் செலவுக்கு வாலட், சேமிப்புக்கு வங்கி என்று பிரித்து வைப்பதே நல்லது.

இனி வாலட்டைத் திறக்கும்போது தொழுகையாளி கேட்கும் மூன்று கேள்விகளை நாமும் கேட்கலாம். நான் ஏற்றிய பணம் எங்கே தங்குகிறது? இந்தத் தள்ளுபடியை உண்மையில் கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார்? நான் அழுத்தும் பொத்தான் என் காசைச் செலவழிக்கிறதா, என் பெயரில் கடன் எழுதுகிறதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் பொத்தானை அழுத்திய வீடுகள் நம் தாமான்களில் குறைவில்லை. சம்பளம் வந்த அன்றே தவணைக்குப் போய்விடுகிறது என்று புலம்பும் இளையோர் முதலில் கேட்க வேண்டியதும் அதுவே.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் ஒருவர் குறிப்பிட்ட வாலட் வேண்டாம், வேறொன்றில் கட்டுகிறேன் என்றால் முகம் சுளிக்க வேண்டாம். டூயிட்நவ் கியூஆர் ஒன்றே அந்தக் கட்டமைப்பில் இணைந்த எல்லா வங்கிக்கும் வாலட்டுக்கும் பொது. அவர் எதில் கட்டினாலும் பணம் உங்கள் கணக்குக்குத்தான் வரும். பக்கத்தில் சில்லறைப் பெட்டியும் இருக்கட்டும்.